வேலூரிலிருந்து கடலோரம்: வீல்சேரில் வரும் நண்பனோடு இரண்டு நாள்

குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கும் தம்பிக்கு. உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர். ஒருவருக்கு பைக் விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. கைகளில் பலம் இருக்கிறது. வீல்சேரைத் தானே தள்ளிக்கொள்வார். சனி, ஞாயிறு இரண்டு நாள் எல்லோரும் கடலோரம் போக வேண்டும். எந்தக் கடற்கரை, எங்கே தங்குவது, அலையில் கால் நனைக்க வழி உண்டா என்று கேட்கிறீர்கள். அவரோ, “நான் வந்தால் உங்களுக்குத்தான் சிரமம், நீங்கள் போய் வாருங்கள்” என்று ஒதுங்குகிறார்.

நான் காட்பாடிக்காரன். நானும் வீல்சேரில்தான் இருக்கிறேன். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: புதுச்சேரிக்குப் போங்கள். திரும்பும்போது மாமல்லபுரம் வழியாக வாருங்கள். மெரினாவை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது காலையில் போய் இரவு திரும்பக்கூடிய பயணம்.

ஏன் புதுச்சேரி? கடற்கரை என்றதும் நம் மனதில் மணல்தான் வரும். மணல்தான் வீல்சேருக்கு முதல் எதிரி. முன்னால் இருக்கும் சக்கரங்கள் மிகச் சிறியவை. உலர்ந்த மணலில் வைத்த உடனே புதையும். பின்னாலிருந்து எவ்வளவு தள்ளினாலும் அவை இன்னும் ஆழமாகத்தான் இறங்கும், ஒரு கட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் முன்பக்கமாகச் சரிவார். ஆகவே சாதாரண கடற்கரைக்குப் போனால் நடப்பது ஒன்றே: நான்கு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்குவார்கள், கடற்கரையில் இருக்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள், அவர் சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் சுருங்குவார். “உங்களுக்குத்தான் சிரமம்” என்று அவர் சொல்வதன் பின்னால் இருப்பது இந்தக் காட்சிதான். அவர் தன் கையால் சக்கரத்தை உருட்டி, உங்கள் பக்கத்தில் உங்கள் வேகத்தில் பேசிக்கொண்டே வரக்கூடிய கடலோரம் வேண்டும். வேலூரிலிருந்து மூன்று நான்கு மணி நேரத்தில் எட்டக்கூடிய இடங்களில் அதற்குப் புதுச்சேரியின் கடற்கரைச் சாலைதான் சரி.

கூபேர் அவென்யூ என்று பலகையில் இருக்கும். ஊரில் பீச் ரோடு என்பார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேராக, ஏற்ற இறக்கம் இல்லாமல் கடலை ஒட்டியே போகும் சாலை. மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வாகனங்களை விட மாட்டார்கள். அந்த நேரத்தில் நடைபாதையை மறந்துவிட்டு நடுச்சாலையிலேயே உருட்டலாம். காந்தி சிலை, எதிரே நேரு சிலை, பழைய கலங்கரை விளக்கம், போர் நினைவுச்சின்னம் எல்லாம் அந்த ஒரே கோட்டில் இருக்கின்றன. பாறைகளில் அலை மோதித் தெறிக்கும் சாரல் முகத்தில் படும் அளவுக்குக் கடல் அருகில். அங்கே மணலுக்குப் பதில் பாறை ஏன் என்றால், 1980களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள்; வடக்கு நோக்கி நகரும் மணல் அதில் தடுக்கப்பட்டு நகரக் கரை அரிக்கப்பட்டது. கரையைக் காக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். அண்மை ஆண்டுகளில் கடலுக்கடியில் அமைத்த தடுப்பினால் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. மீனவருக்கும் ஊருக்கும் அது நஷ்டக் கதைதான். நமக்கு மட்டும் கடலை ஒட்டிய சமதளம் கிடைத்தது.

இரவு ஒன்பது மணிக்கும் அங்கே கூட்டம் இருக்கும். காலை விடியுமுன் போனால் சூரியன் கடலிலிருந்தே எழும். இந்த இரண்டு நேரங்களையும் விடாதீர்கள். பகலில் அந்தச் சாலையில் வேலையில்லை, வெயில் மட்டும்தான்.

இப்போது தங்கும் இடம். என்னைக் கேட்டால் பயணத்தைத் தீர்மானிக்கும் பொருள் கடல் இல்லை, குளியலறைக் கதவு. அறை கிடைத்து, அறைக்குள் வீல்சேர் போய், குளியலறைக்குள் போகாவிட்டால் அந்த இரண்டு நாளும் உங்கள் நண்பருக்கு நரகம். வேலூரில் பழகியவர்கள் இதில் ஏமாறுவார்கள். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் வாசலில் சாய்தளம் இருக்கும், லிஃப்டில் வீல்சேர் நுழையும், ஆட்டோக்காரர் கேட்காமலேயே நாற்காலியை மடித்துப் பின்னால் கட்டுவார். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து ஊருக்கே பழகிப்போன விஷயம். 1954இல் நடந்த கார் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்து, வீல்சேரில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் வேலை பார்த்த ஊர் இது. பாகாயத்தில் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்தை நம் பக்கத்தில் ‘ரீஹாப்’ என்றால் பஸ் கண்டக்டருக்கும் தெரியும். கடலோர ஊர்களின் விடுதிக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, யோசித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

“வீல்சேர் வருமா?” என்று போனில் கேட்காதீர்கள். “தாராளமாக வரும் சார், லிஃப்ட் இருக்கிறது” என்பதுதான் எல்லா இடத்திலும் பதில். ஒரு விடுதியில் அப்படிச் சொன்னார்கள், போய்ப் பார்த்தால் லிஃப்டுக்கு முன்னால் மூன்று படி. சொன்னவர் பொய் சொல்லவில்லை; தினமும் ஏறி இறங்கும் படி அவர் கண்ணில் பட்டதே இல்லை. அதனால் கேள்வியை மாற்றுங்கள். தெருவிலிருந்து வரவேற்பு மேசை வரை எத்தனை படி? அங்கிருந்து அறை வரை எத்தனை படி? குளியலறை வாசலில் மேடு எவ்வளவு உயரம்? கதவு திறந்த பிறகு இடைவெளி எத்தனை அங்குலம்? கடைசிக் கேள்விக்கு வாய்ப்பதில் வேண்டாம். டேப்பைக் கதவுநிலையில் பிடித்து ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுக்கும் விடுதியை விட்டுவிடுங்கள். அனுப்பியவரிடம் ஐந்நூறு ரூபாய் அதிகமானாலும் அங்கேயே தங்குங்கள்.

அளப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கதவுநிலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை அளந்தால் முப்பது அங்குலம் வரும். ஆனால் திறந்த கதவு நிலைக்குள்ளேயே நின்றால் அதன் கனம் ஒன்றரை அங்குலம் போய்விடும், கைப்பிடி இன்னும் கொஞ்சம் தின்னும். திறந்து நிற்கும் கதவின் முகத்திலிருந்து எதிர் நிலை வரை இருப்பதுதான் உண்மையான வழி. வீல்சேரின் அகலத்தை, கையால் உருட்டும் வெளி வளையத்தோடு சேர்த்து அளந்துகொள்ளுங்கள். சாதாரண மடக்கு நாற்காலிக்கு 25, 26 அங்குலம் வரும். வளையத்தைப் பிடித்திருக்கும் விரல்களுக்கும் இடம் வேண்டும். 32 அங்குல வழி இருந்தால் கவலையே இல்லை. 28 இருந்தால் சமாளிக்கலாம். 26 என்றால் விரல் முட்டி தேயும். அதற்கும் குறைந்தால் இரண்டு வழி. விடுதிக்காரரிடம் சொல்லிக் கதவைக் கீலிலிருந்து கழற்றி வைத்துவிட்டுத் திரைச்சீலை கட்டலாம். ஐந்து திருகாணி வேலை, கேட்கத்தான் கூச்சம். அல்லது சிறு சக்கரம் நான்கு வைத்த கமோடு நாற்காலியைக் கூட எடுத்துப் போகலாம். பெரிய சக்கரம் இல்லாததால் அகலம் குறைவு, குளிக்கவும் உட்காரவும் அதுவே போதும். சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள சர்ஜிகல் கடைகளில் விலைக்குக் கிடைக்கும்; வாடகைக்குத் தருவார்களா என்று விசாரியுங்கள். விடுதியில் தரும் பிளாஸ்டிக் நாற்காலியில் மட்டும் அவரைக் குளிக்க உட்கார வைக்காதீர்கள். ஈரத் தரையில் கால் விரியும், கைப்பிடியில் எடை வைத்து மாறும்போது பிளக்கும்.

கட்டிலையும் கேட்டுவிடுங்கள். இப்போது மெத்தைக்கு மேல் மெத்தை போட்டு முழங்காலுக்கு மேல் உயர்த்திவிடுகிறார்கள். வீல்சேர் இருக்கை குஷனோடு சேர்த்துப் பத்தொன்பது, இருபது அங்குலம். கட்டில் அதற்கு மேல் நான்கு அங்குலம் என்றால் இறங்குவது எளிது, ஏறுவது மலை. ஒரு மெத்தையை எடுத்துவிடச் சொன்னால் முடிந்தது. தரைத்தள அறை கேளுங்கள், கடல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ‘கடல் தெரியும் அறை’ பெரும்பாலும் மாடியில்தான் இருக்கும். மின்சாரம் போய் லிஃப்ட் நின்றால் உங்கள் நண்பர் மட்டும் மேலே கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

சட்டம் இதற்கெல்லாம் இடம் கொடுத்திருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது, பொதுமக்கள் புழங்கும் கட்டடங்கள் எல்லோரும் நுழையும்படி இருக்க வேண்டும் என்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் இதற்கான விதிகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்று மத்திய அரசுக்குச் சொன்னது. நல்லது. சனிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தீர்ப்பைக் காட்டிக் கதவை அகலமாக்க முடியாது. திரும்பி வந்த பிறகு அந்த விடுதிக்கு மதிப்புரை எழுதும்போது அங்குலக் கணக்கோடு எழுதுங்கள்; அடுத்து போகிறவனுக்கு அது சட்டத்தைவிட உடனடியாக உதவும்.

பயணம். வேலூரிலிருந்து ஆரணி, சேத்துப்பட்டு, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி 150 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நின்று போனால் நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் வேகத்தடை இருக்கிறது. காலில் உணர்வு இல்லாவிட்டாலும் தூக்கிப் போட்டால் கால் தசை இழுத்துக்கொள்ளும், முதுகில் கம்பி வைத்திருந்தால் வலிக்கும். ஓட்டுபவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். ஐந்து பேருக்கும் பைகளுக்கும் வீல்சேருக்கும் சிறிய கார் போதாது, ஏழு பேர் உட்காரும் வண்டி எடுங்கள். அதில் இருக்கை மிக உயரமான வண்டியைத் தவிர்த்துவிடுங்கள். முன்னிருக்கை அவருக்கு. வழுக்குப் பலகை இல்லையென்றால் வாங்கிக்கொள்ளட்டும்: இரண்டடி நீள மெருகிட்ட பலகை, ஒரு முனை நாற்காலியில், மறுமுனை கார் இருக்கையில், அவர் கையூன்றி நகர்ந்து போய்விடுவார். யாரும் அக்குளில் கைகொடுத்துத் தூக்க வேண்டியதில்லை.

குஷனை மட்டும் டிக்கியில் வீசிவிடாதீர்கள். கார் இருக்கையிலும் அதன் மேலேயே உட்காரட்டும், தலை இடித்தால் மட்டும் மெல்லிய வேறொன்று. உணர்வு இல்லாத இடத்தில் எடை ஒரே புள்ளியில் நின்றால் ரத்த ஓட்டம் தடைபட்டுத் தோல் கெடும். படுக்கைப் புண் அப்படித்தான் தொடங்குகிறது. ரீஹாப்பில் அவருக்குச் சொல்லியிருப்பார்கள்: அரை மணிக்கு ஒரு முறையாவது உடம்பைத் தூக்கியோ சாய்த்தோ எடையை மாற்ற வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் மறந்துபோகும். உங்களில் ஒருவர் போனில் மணி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் “தூக்குடா” என்று ஊருக்கே கேட்கும்படி கத்த வேண்டாம்.

சிறுநீர் விஷயம் பேசக் கூச்சப்படுவீர்கள், பேசித்தான் ஆக வேண்டும். பெரும்பாலானவர்கள் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை குழாய் போட்டு எடுப்பார்கள். நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க் கழிப்பறைகளில் வீல்சேர் நுழையும் என்று நம்பிப் புறப்படாதீர்கள். கிளம்பும் முன் ஒரு முறை, விடுதி போய்ச் சேர்ந்ததும் ஒரு முறை என்று கணக்கு வைத்தால் நான்கு மணி நேரப் பயணம் சரியாகப் பொருந்தும். நடுவில் தேவைப்பட்டால் கார் கண்ணாடிக்குத் துண்டு கட்டி, நீங்கள் எல்லோரும் இறங்கி டீ குடித்தால் போதும். போகிற வழியில் கழிப்பறை இல்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பார், அதைத் தடுங்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று வரும், ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலோடு திரும்புவீர்கள்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது காயம் இன்னும் மேலே, நடுமார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு எச்சரிக்கை. சிறுநீர்ப்பை நிரம்பினாலோ குழாய் மடங்கினாலோ திடீரென்று ரத்த அழுத்தம் ஏறும். மண்டை பிளக்கும் வலி, முகம் சிவத்தல், வியர்வை. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீரை வெளியேற்ற வேண்டும். அடங்காவிட்டால் மருத்துவமனைதான். அப்படிப்பட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்கவும் வியர்க்காது, ஆகவே உச்சி வெயில் அவர்களுக்கு நம்மைவிட ஆபத்து. ஈரத்துண்டும் தண்ணீர்த் தெளிப்பானும் கையில் இருக்கட்டும்.

உணர்வில்லாத உடம்புக்குச் சூடு எவ்வளவு கள்ளத்தனமான எதிரி என்பதற்கு நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். ஆம்பூர் பிரியாணிப் பொட்டலத்தைக் கடையில் வாங்கியதும் “பிடிடா” என்று யார் மடியில் வைப்பீர்கள்? உட்கார்ந்திருப்பவர் மடியில்தான். வீல்சேரில் இருப்பவர் எல்லோருக்கும் மேசை என்பது நண்பர்கள் மத்தியில் எழுதப்படாத சட்டம். அண்டாவிலிருந்து வந்த சூடு தொடையைச் சுட்டுக்கொண்டே இருக்கும், அவருக்குத் தெரியாது, இரவு உடை மாற்றும்போது கொப்புளம் தெரியும். அது ஆற மாதக்கணக்காகும். டீ, சாம்பார்ப் பார்சல், வெயிலில் நின்ற காரின் சீட் பெல்ட் கொக்கி, பகல் மணல் எல்லாம் இதே வகை. கால் சுடாது என்பதால் செருப்பில்லாமல் விட்டுவிடாதீர்கள், சாக்ஸும் ஷூவும் போட்டே இருக்கட்டும்.

அலையில் கால் நனைக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். நனைக்கலாம், முறை இருக்கிறது. ப்ளூ ஃபிளாக் என்பது சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேசச் சான்று; அதைப் பெறுவதற்கான நிபந்தனைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதியும் ஒன்று. 2021இல் நம் பக்கத்தில் இரண்டு கடற்கரைகளுக்கு அந்தச் சான்று கிடைத்தது: சென்னைக்குத் தெற்கே கோவளம், புதுச்சேரிக்குத் தெற்கே சின்ன வீராம்பட்டினத்தில் உள்ள ஈடன் கடற்கரை. புதுச்சேரியில் தங்கினால் ஈடன் கைக்கெட்டும் தூரம். மணலில் போக பலூன் போன்ற தடித்த டயர் வைத்த நாற்காலி இப்போது பயன்பாட்டில் இருக்கிறதா, தள்ள ஆள் இருக்கிறாரா என்று முதல் நாளே ஒருவர் நேரில் போய்ப் பார்த்து வாருங்கள். இந்த வசதிகள் திறப்பு விழாவில் பளபளப்பாக இருக்கும், பிறகு சாவி யாரிடம் என்று தேட வேண்டும். மெரினாவில் 2022 நவம்பரில் திறந்த மரப்பாதையே அடுத்த மாதம் மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சீர் செய்யப்பட்டது.

அப்படி நாற்காலி கிடைக்காவிட்டால், மணலை உங்கள் கையாலேயே வெல்லலாம். நாற்காலியை முன்னோக்கித் தள்ளாதீர்கள். பின்பக்கம் சாய்த்து, சிறு சக்கரங்களைத் தூக்கிவிட்டு, பெரிய சக்கரங்களில் மட்டும் பின்னோக்கி இழுங்கள். இரண்டு நீள ப்ளைவுட் பலகை இருந்தால் ஒன்றின் மேல் உருட்டி, அடுத்ததை முன்னால் வைத்து, முதலாவதை எடுத்து மறுபடி முன்னால் வைத்துப் போகலாம். நேரம் பிடிக்கும், ஆனால் அவர் தானே உருட்டுவார். ஈர மணல் வந்ததும் தரை இறுகிவிடும். நம் கரையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுக்குத்தான், அதனால் இறுகிய பட்டை அகலமாக இருக்காது. கடல் வற்றிய நேரத்தில் போனால் கூடுதலாகக் கிடைக்கும்.

அலை வந்து போகும் இடத்தில் வீல்சேரை நிறுத்தவே கூடாது. திரும்பிப் போகும் தண்ணீர் சக்கரத்தின் அடியிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு போகும், இரண்டாவது மூன்றாவது அலையில் நாற்காலி ஒரு பக்கம் சாயும். அதற்குப் பதிலாக ஈர மணலில் கனமான நுரை விரிப்பைப் போட்டு அவரையே இறக்கி உட்கார வையுங்கள். ஒருவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சாய்வு கொடுக்கட்டும், பக்கத்துக்கு ஒருவர் இருக்கட்டும். தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்து போகும் இடம் போதும். இடுப்பளவு ஆசை வேண்டாம். வங்கக் கடலின் இழுப்பு இரண்டு கால் உள்ளவனையே சாய்க்கும். கனத்த துணியில் தைத்த கால்சட்டை போடட்டும், மெல்லிய துணிக்குள் மணல் புகுந்து தோலை உரசினால் புண்தான். கிளிஞ்சல் வெட்டுவது தெரியாது, ஆகவே சாக்ஸோடே கால் நனையட்டும். பதினைந்து இருபது நிமிடம் போதும். ஏற்கெனவே புண் எதுவும் இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

தூக்க வேண்டிய இடம் இந்தப் பயணத்தில் ஒன்றிரண்டு வரும். தூக்கும் முன் அவரிடம் கேளுங்கள், எப்படிப் பிடிப்பது என்பதையும் அவரே சொல்லட்டும். நாற்காலியின் கைப்பிடியும் கால்தாங்கியும் கழன்று வரும் பாகங்கள்; அவற்றைப் பிடித்துத் தூக்கினால் பாகம் உங்கள் கையில், அவர் தரையில். பற்றவைத்த சட்டத்தை மட்டும் பிடியுங்கள். ஏறும்போது முதுகு படியைப் பார்த்திருக்க வேண்டும், இறங்கும்போது முகம் கீழ்ப்படியைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டிலும் நாற்காலி பின்னால் சாய்ந்தே இருக்கும். ஓரிரு படிக்குச் சாய்தளம் செய்துகொள்ள நினைத்தால் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஆறு அங்குலப் படிக்கு ஆறடிப் பலகை. தள்ள ஆள் இருந்தால் நான்கடியிலும் ஒப்பேற்றலாம். மூன்று படி என்றால் பதினெட்டடி, அது காரில் ஏறாது, தூக்குவதே வழி.

புதுச்சேரி என்றதும் உங்கள் நான்கு பேரில் யாருக்கு என்ன நினைவுக்கு வந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். உபதேசம் செய்யப் போவதில்லை. ஆனால் அவரைத் தூக்குபவனும், கட்டிலுக்கு மாற்றுபவனும், வண்டி ஓட்டுபவனும் அவர் படுக்கும்வரை மதுவைத் தொடக் கூடாது. அவர் குடிப்பதாக இருந்தால் சிறுநீர்ப்பை வழக்கத்தைவிட வேகமாக நிரம்பும், குழாய் நேரத்தை முன்னால் இழுக்க வேண்டும், எடை மாற்றுவதை மறந்து தூங்கிப்போவார். இதை அவருக்கும் தெரியும்படி சொல்லிவிட்டு, முடிவை அவரிடமே விடுங்கள். குழந்தை மாதிரி நடத்தத் தொடங்கினீர்கள் என்றால் அடுத்த பயணத்துக்கு வர மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பினால் மாமல்லபுரம் நூறு கிலோமீட்டருக்குள். அங்கே அர்ச்சுனன் தபசு தெருவோரத்திலேயே இருக்கிறது, டிக்கெட்டும் இல்லை படியும் இல்லை. யானைக் கூட்டத்துக்கு நேர் எதிரே நாற்காலியை நிறுத்தி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். பூனை ஒன்று தவம் செய்யும் சிற்பம் அதில் இருக்கிறது, தேடச் சொல்லுங்கள். கடற்கரைக் கோயிலுக்குப் பாவிய பாதை அருகில் வரை கொண்டுபோகும், கடைசியில் படி வரும். ஐந்து ரதங்கள் இருக்கும் இடம் முழுக்க மணல், நேரம் குறைவாக இருந்தால் அதைத்தான் விட வேண்டும். வெயில் ஏறுமுன் முடித்துக்கொண்டு செங்கல்பட்டு, காஞ்சிபுரம், ஆற்காடு வழியாக வேலூர் 130 கிலோமீட்டர் அளவில் வரும். ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்குவது உங்கள் இஷ்டம்.

மெரினா பற்றி இரண்டு வார்த்தை. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் மரப்பாதை மணலின் மேல் போகிறது. அலைக்குச் சற்று முன்னாலேயே முடிந்துவிடும், ஆனால் அவர் தானே உருட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போகலாம். பெசன்ட் நகரிலும் பின்னர் இப்படி ஒன்று வந்திருக்கிறது. காட்பாடியிலிருந்து சென்ட்ரல் ரயிலில் இரண்டு மணி நேரம். துணையோடு பயணம் செய்பவருக்குச் சாதாரண மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் இரண்டாம் வகுப்பு, படுக்கை, மூன்றாம் ஏ.சி., சேர் கார் ஆகியவற்றில் 75 சதவீதச் சலுகை உண்டு, துணைக்கும் அதே சலுகை. அதற்கு ரயில்வே தரும் சலுகை அட்டையை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். வந்தே பாரத்தில் இந்தச் சலுகை கிடையாது. பெட்டியின் தளம் பிளாட்பாரத்தைவிட உயரம் என்பதால் ஏறும்போது தூக்கத்தான் வேண்டும். சென்னைக்குள் மெட்ரோவில் அந்தத் தொல்லை இல்லை.

எந்த மாதம் என்று கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். தை, மாசி சரியான காலம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழையும் புயலும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சித்திரை வெயில் வேலூரிலேயே போதுமான அளவு இருக்கிறது.

அவர் ஒதுங்குவதற்கு என்ன செய்வது என்றும் கேட்டீர்கள். “நீ வந்தே ஆக வேண்டும்” என்று கட்டாயப்படுத்தாதீர்கள், “நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றும் சொல்லாதீர்கள். விடுதிகளின் பெயரும் போன் எண்ணும் கொடுத்து, டேப் வைத்துப் படம் வாங்கும் வேலையை அவரிடமே ஒப்படையுங்கள். அறையை அவரே தேர்வு செய்யட்டும், பொதுப் பணத்தையும் அவரே வைத்திருக்கட்டும். எது முடியும், எது முடியாது என்பது அவருக்கு உங்களைவிடத் தெரியும்.

திரும்பி வந்த இரவே நாற்காலியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, சிறு சக்கரத்தின் அச்சில் சுற்றியிருக்கும் முடியையும் மணலையும் எடுத்துவிட்டு எண்ணெய் விடுங்கள். உப்பு ஒரு வாரத்தில் பேரிங்கைத் தின்றுவிடும். படுக்கும் முன் அவர் கண்ணாடி வைத்தோ போனில் படம் எடுத்தோ பிட்டம், இடுப்பெலும்பு, குதிகால் மூன்றையும் பார்க்கட்டும். சிவப்பு தெரிந்தால் அந்தப் பக்கம் எடை வைக்காமல் அரை மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மறைந்துவிட்டால் ஒன்றுமில்லை. மறையவில்லை என்றால் திங்கட்கிழமை கல்லூரியும் வேலையும் வேண்டாம், அதன் மேல் உட்காராமல் படுத்திருந்து, பாகாயத்துக்குப் போன் செய்துவிடுங்கள்.